நாலாம் நம்பர் இல்லாத லாட்ஜ்

வெளிநாட்டில் போய்ச் சின்னதாக ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்தலாம் என்று கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளே, விசா பற்றி உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. வரி பற்றிச் சொல்லவும் ஆள் இருக்கிறது. படுக்கை விரிப்பை எப்படி மடிக்க வேண்டும் என்று வீடியோவே போட்டு வைத்திருக்கிறார்கள். கதவில் மாட்டும் நம்பரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன். அந்த நம்பரால்தான் நான் ஏறக்குறைய மூட்டை கட்டினேன்.

நான் மலேசியாக்காரி. பிறந்து வளர்ந்து வேலை கற்றுக்கொண்டதெல்லாம் ஈப்போவில். அங்கே ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்து, வரவேற்பு மேசை வரை வந்து சேர்ந்தவள். அந்த மேசையில் பாதி ஆயுளைக் கழித்த பிறகு, இனி யாருக்கும் கை கட்டி நிற்பதில்லை என்று பெங்களூருக்கு வந்து ஜோகுபாளையத்தில் பன்னிரண்டு அறை லாட்ஜ் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தேன். ஏன் பெங்களூர் என்று என் அக்கா இன்றைக்கும் கேட்கிறாள். எனக்கு வெயில் ஆகாது, பேச்சுத் துணைக்குத் தமிழ் வேண்டும். இரண்டும் ஒரே ஊரில் கிடைத்தது, வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் ஒரு சங்கடம் புரிந்தது. நான் வெளிநாட்டுக்காரி என்பதை அந்தத் தெருவில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "மலேசியா மேடம்" என்று கூப்பிடுவார்கள், ஆனால் அதை ஒரு பட்டப்பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் தங்க வந்த பெரியவர், "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றார். ஈப்போ என்றேன். "அது திருவண்ணாமலை தாண்டி வருதே, அதானே?" என்றார். ஆமாம், கொஞ்சம் கூடுதலாகவே தாண்டிப் போக வேண்டும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

சிரிக்காதீர்கள், இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரர் லாட்ஜ் எடுத்துத் தப்புச் செய்தால், பாவம், ஊர் வழக்கம் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். எனக்கோ தமிழ் முகம், தமிழ்ப் பேச்சு. நான் தப்புச் செய்தால் வேண்டுமென்றே செய்கிறேன் என்றுதான் நினைத்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு கட்டிலிலும் கட்டிப்பிடித்துப் படுக்க ஒரு நீளத் தலையணை போட்டு வைத்தேன். முதல் வாரம் வந்த புது மாப்பிள்ளை கீழே இறங்கி வந்து, "மேடம், நடுவுல எதுக்கு காம்பவுண்ட் சுவரு?" என்று கோபமாகக் கேட்டார். அன்றைக்கே எல்லாத் தலையணைகளையும் பரண் மேல் ஏற்றினேன்.

தலையணையைக் கவனித்த எனக்கு நம்பரைக் கவனிக்கத் தோன்றவில்லை.

ஈப்போவில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த மேற்பார்வையாளர் ஒரு சீன அம்மா. அவர் முன்னால் நாலு என்று சொன்னாலே முறைப்பார். சீனர்களுக்கு அந்த எண் ஆகாது, அவர்கள் பேச்சில் சாவு என்கிற மாதிரியே ஒலிக்கும் எண் அது. அதனால் அங்கே பல கட்டடங்களில் நாலாம் மாடி கிடையாது, பல ஹோட்டல்களில் நாலாம் அறை கிடையாது. மூன்றுக்கு அடுத்தது 3A, அதற்கடுத்தது ஐந்து. சின்ன வயதிலிருந்து லிஃப்டில் அப்படியே பார்த்து வளர்ந்ததால் எனக்கு அது சீனர் வழக்கம் என்றே தோன்றியதில்லை. வெள்ளை விரிப்பு போடுவது மாதிரி, உலகம் பூராவும் உள்ள ஹோட்டல் சட்டம் என்று நினைத்திருந்தேன். ஜோகுபாளையம் லாட்ஜுக்குப் புதிதாகப் பித்தளைத் தகடுகள் செய்யச் சொன்னபோது வாய் தானாகவே ஒன்று, இரண்டு, மூன்று, 3A, ஐந்து என்றது. செய்து கொடுத்தவர் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். நான் மலேசியா மேடம் என்பதால் கேட்காமல் விட்டுவிட்டார்.

வழிப்போக்காக வருகிறவர்கள், ஆபீஸ் வேலையாக வருகிறவர்கள் ஒருவரும் நம்பரைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு ஜன்னலும் நல்ல காற்றும் உள்ள மூலை அறை என்பதால் 3A-வைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள்கூட உண்டு. இப்படியே குத்தகைக் காலம் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

கட்டடத்தின் சொந்தக்காரர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம். தாத்தா கட்டிய வீட்டின் மேல் இரண்டு மாடி எழுப்பித்தான் லாட்ஜ் ஆக்கியிருந்தார்கள். அதிகம் பேசாத மனிதர். குத்தகையைப் புதுப்பிப்பது பற்றிக் கேட்டபோது, "பொண்ணு கல்யாணம் வருது மேடம். மாப்பிள்ளை வீட்டாருங்க எல்லாரும் நம்ம லாட்ஜ்லதான் தங்குறாங்க. அது நல்லபடியா ஆகட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். குரலில் மிரட்டல் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். குத்தகை போனால் தொழில் போகும், தொழில் போனால் விசா போகும், விசா போனால் நான் ஈப்போவில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்பதைக் காலம் பூராவும் கேட்க வேண்டும். எனக்குப் பெங்களூர் பிடித்துப்போயிருந்தது. விட்டுப் போக மனமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மைசூர்த் தமிழர்கள். சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அதனால் பெரியப்பாதான் முன்னால் நடந்து மாப்பிள்ளையைக் கல்யாணச் சத்திரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இவ்வளவு முக்கியமானவருக்கு என்ன அறை கொடுப்பேன்? இருப்பதிலேயே நல்ல அறையைக் கொடுத்தேன். 3A.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஸ்டெல்லா ஓடி வந்தாள். நீலசந்திராவிலிருந்து வரும் பெண், வரவேற்பைப் பார்த்துக்கொள்கிறவள், எதற்கும் பதறாதவள்.

"மேடம், பெரியப்பா பொட்டி மேல உக்காந்துட்டாரு."

"எந்தப் பெட்டி?"

"அவரு பொட்டிதான். ரூம் வாசல்ல போட்டு அதும்மேல உக்காந்துக்கினு உள்ள போகமாட்டேங்கிறாரு. காபி குடுத்தேன், அதுவும் வேணாமாம். ஒரே பேஜாரா இருக்கு, வாங்க."

போய்ப் பார்த்தேன். பட்டு வேட்டி, நெற்றியில் விபூதி, பெரிய மீசை. பெட்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கதவுத் தகட்டைக் கையால் காட்டினார்.

"இது என்னம்மா?"

"3A, ஐயா. இங்கே இருக்கிறதிலேயே பெரிய ரூம்."

"மைசூர்ல என் வீட்டு நம்பர் இருபத்திமூணு. பின்னாடி ஒரு ஷெட்டு போட்டு வாடகைக்கு விட்டிருக்கேன். அதுக்கு நம்பர் என்ன தெரியுமா? இருபத்திமூணு ஏ. நான் ஏ-ல குடியிருக்கிறவன் இல்லம்மா. ஏ-வ வாடகைக்கு விடுறவன்."

அவர் அடுத்த கதவைக் காட்டினார். "மூணுல யாரு இருக்கா?"

மூன்றாம் அறையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இருந்தார். அவருக்கும் பெரியப்பாவுக்கும் பல வருஷமாக ஆகாது என்பது லாட்ஜில் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. அதனால் தாய்மாமன் என்று சொன்னேன்.

"அப்போ நான் அவனுக்கு ஏ-வா?" என்றார் பெரியப்பா.

இங்கே கவனியுங்கள். ஈப்போவில் அந்தச் சீன அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், விருந்தாளி கோபமாக இருக்கும்போது காரணம் சொல்லாதே என்பது. மன்னிப்புக் கேள், காபி கொடு, வேறு சாவியைக் கொடு, காரணம் மட்டும் சொல்லாதே. அது எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்கு என் குத்தகையும் விசாவும் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பதற்றத்தில் வாயைக் கொடுத்தேன்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது நிஜமா நாலாம் நம்பர் ரூம்தான்."

"நாலுன்னு போட வேண்டியதுதானே?"

"நாலு ஆகாதுங்க ஐயா."

"ஏன் ஆகாது?"

"அது சாவு நம்பர்."

கல்யாண வீடு. நடையில் மல்லிகைப்பூக் கூடைகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு பெண் கையில் ஆரத்தித் தட்டு இருக்கிறது. அந்த இடத்தில் நின்று, நல்ல கணீர்க் குரலில், அந்தச் சொல்லைச் சொன்னேன். ஸ்டெல்லா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் அறைக் கதவு திறந்தது. முகத்தில் பாதி சோப்பு நுரையோடு தாய்மாமன் தலையை நீட்டினார். "யாரு செத்தாங்க?"

"யாரும் சாகலைங்க" என்றேன்.

"அப்புறம் எதுக்கு நம்பரை மாத்தினீங்க?"

நியாயமான கேள்விதான். அதற்கு நான் சீனர்கள், ஈப்போ, லிஃப்ட் என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் நீள நீள, இவள் எதையோ மறைக்கிறாள் என்பது அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒரு பெண் கதவுத் தகட்டைப் படம் எடுத்து அதில் போட்டாள். முதல் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது செத்தது ஒரு வெள்ளைக்காரத் துரை என்று ஆகியிருந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களை எட்டியபோது துரையோடு அவருடைய குதிரையும் செத்திருந்தது. சில குழந்தைகள் வந்து குதிரையைப் பார்க்க வேண்டும் என்றன. சாவு நடந்த அறைக்குப் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்று தாய்மாமன் தன் பெட்டியையும் வெளியே கொண்டுவந்து போட்டார். ஐந்தாம் அறையில் இருந்த அத்தைகளும் வந்தார்கள். நடையில் பெட்டிகள் வரிசையாகச் சேர்ந்து, பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம்பர்தானே பிரச்சினை, நம்பரே இல்லாவிட்டால் என்ன என்று தோன்றியது. அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. ஸ்டெல்லாவிடம் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து, பன்னிரண்டு கதவுகளிலும் தகட்டைக் கழற்றச் சொன்னேன்.

"எல்லாத்தையுமா மேடம்?"

"எல்லாத்தையும்."

"அப்புறம் எது எந்த ரூம்னு..."

"கழற்றும்மா!"

கழற்றினாள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எல்லாக் கதவும் ஒரே பச்சை வர்ணம், எல்லாம் ஒரே மாதிரி. முகம் கழுவப் போன தாய்மாமன் அத்தைகள் புடவை மாற்றிக்கொண்டிருந்த அறைக்குள் நுழைந்து, போன வேகத்தில் திரும்பி வந்தார். மாப்பிள்ளையின் கோட்டை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த கடைக்காரர் அதை ஏதோ ஒரு அறையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். எந்த அறை என்று கேட்டால், "நம்பர் இருந்தாத்தானே சொல்றதுக்கு?" என்கிறார். மாப்பிள்ளை, சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் சாதுவான பையன், இடுப்பில் துண்டோடு கதவு கதவாகத் தட்டிக்கொண்டு, "எக்ஸ்கியூஸ் மி, என் கோட்டு இங்க இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு போனார். பெரியப்பா மட்டும் அசையவில்லை. பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சொந்தக்காரரிடமிருந்து போன் வந்தது. "மேடம், சத்திரத்துல மேளக்காரங்க வந்து காத்துக்கினு இருக்காங்க. இன்னும் கிளம்பலையா?"

"இதோ கிளம்பிட்டாங்க" என்றேன். பின்னால் அத்தைகள் போட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். "நானே வரேன்" என்று வைத்துவிட்டார்.

கடைசியாக ஒரு வழிதான் இருந்தது. ஒன்றாம் நம்பர் அறை என்னுடையது. வந்த நாளிலிருந்து நான் தங்கிய அறை. தெருவாசலை ஒட்டிய சின்ன அறை, பக்கத்திலேயே தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம், யாருக்கும் கொடுக்க முடியாது என்பதால் நானே வைத்துக்கொண்டேன். ஆனால் நம்பர் ஒன்று. பெரியப்பா முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, ஒன்றாம் நம்பர் என் ரூம். அதை உங்களுக்குக் காலி பண்ணித் தரேன். எடுத்துக்கிறீங்களா?"

மீசைக்குக் கீழே முதல் தடவையாக ஒரு அசைவு தெரிந்தது. "ஒண்ணுன்னா சரி" என்றார். "ஒண்ணு மரியாதையான நம்பர்."

அவர் மனம் மாறுவதற்குள் ஓடிப் போய் என் துணிகளைப் பெட்டியில் திணித்தேன். ஈப்போவிலிருந்து அக்கா அனுப்பிய காபித்தூள் பொட்டலங்களை அதன் மேல் போட்டு அமுக்கினேன். மூடாத பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது சொந்தக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கூட அவருடைய அக்காவும். வாட்ஸ்அப் வழியாகத் துரையும் குதிரையும் அவரையும் எட்டியிருந்தன. நடையில் இருந்த பெட்டிகள், நம்பர் இல்லாத கதவுகள், துண்டு கட்டிய மாப்பிள்ளை, கடைசியில் நான், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பெரியவருக்கு ஒன்றாம் நம்பரைக் கொடுக்கிறேன்" என்றேன். முடிந்தது கதை, ஈப்போ அக்காவுக்குப் போன் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"ஒண்ணு வேணாம்!" என்றார் சொந்தக்காரர்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திப் பெரியப்பாவின் பக்கத்தில் போய், இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"சம்பந்தி, இது எங்க தாத்தா கட்டின வீடு. இந்த மூலை ரூம்ல எந்தத் துரையும் சாகல, குதிரையும் சாகல. நான் பொறந்த ரூம் இது. எங்கம்மா என்னைப் பெத்தது அந்த ஜன்னலுக்குக் கீழதான்."

அவருடைய அக்கா, "டேய், நீ பொறந்தது..." என்று ஆரம்பித்தார்.

"அக்கா, பொறந்தவன் நானு. எனக்குத் தெரியும்."

சொந்தக்காரர் தொடர்ந்தார். "பொண்ணோட அப்பா பொறந்த எடத்துல மாப்பிள்ளையோட பெரியப்பா தங்கணும்னு நான்தான் மேடம்கிட்ட ஆசைப்பட்டுச் சொன்னேன். அவங்க சொல்லத் தெரியாம சொல்லிட்டாங்க. வெளியூருக்காரங்க பாருங்க."

"அப்போ அந்த ஏ?" என்றார் பெரியப்பா, விடாமல்.

"பிரசவம் ஆன ரூமுக்கு எவனாவது ஒழுங்கா நம்பர் போடுவானா சம்பந்தி? நீங்களே சொல்லுங்க."

இதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பெரியப்பாவுக்குப் புரிந்தது. அல்லது பெட்டி மேல் உட்கார்ந்து இடுப்பு வலித்திருக்கும். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து மூலை அறைக்குள் போனார். "ஆஹா, நல்ல காத்து" என்ற சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

உடனே அத்தைகள் பாய்ந்தார்கள். பிரசவமான ராசியான அறை என்றால் புதுத் தம்பதிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். தாய்மாமன் தானும் அதற்கு ஆசைப்படுவதாகச் சொன்னார். "எனக்குக் குடுத்த ரூம்" என்று பெரியப்பா உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டார். காபி கேட்டும் குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கோட்டும் கிடைத்தது, மேளமும் தெருமுனை வரை வந்தது, பெரியப்பா முன்னால் நடக்க எல்லாரும் சத்திரத்துக்குப் போனார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன், ஆனால் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

விருந்தாளிகள் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு சொந்தக்காரர் என்னைக் கூப்பிட்டார். குத்தகைப் பேச்சு. ஈப்போ அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் முதலில் காபி கொடுத்தார். தாங்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்.

"நீங்க அந்த ரூம்லயா பிறந்தீங்க?"

"இல்ல மேடம். நான் பொறந்தது கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரில. அந்த ரூம்ல அரிசி மூட்டையும் சைக்கிளும் போட்டு வெச்சிருந்தோம்."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க பொட்டிய இழுத்துக்கினு வெளிய வந்தீங்களே, உங்க மூஞ்சியப் பாத்தேன். இந்த ஊர்ல உங்களுக்குன்னு வேற யாரு இருக்காங்க?"

தம்பி தங்கைகளே, அத்தனை நாளில் எனக்குச் சரியான வாடகை சொன்னவர்கள் உண்டு, சரியான வழி சொன்னவர்கள் உண்டு. எனக்காகப் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. அதுவும் சொந்தப் பெண்ணின் கல்யாணத்தில், சம்பந்தியின் முகத்துக்கு நேராக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தர்மசங்கடப்பட்டு, குத்தகைப் பத்திரத்தை என் பக்கம் தள்ளி, "சரி சரி, கையெழுத்து போடுங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் நினைவு வந்தது. "ஒண்ணு வேணாம்னு ஏன் அப்படிச் சத்தம் போட்டீங்க? அவர் ஒத்துக்கிட்டாரே."

சொந்தக்காரர் முதலில் பத்திரத்தை எடுத்து உறையில் போட்டு, உறையை அலமாரியில் வைத்தார்.

"வீடுன்னா எல்லாம் நடக்கும் மேடம்" என்றார். "தாத்தா, பாட்டி, பெரியத்தை, எல்லாரும் போனது அந்த ரூம்லதான். ஒடம்பு ரொம்ப முடியலன்னா அங்கதான் கட்டில் போடுவோம். வாசலுக்குப் பக்கம் பாருங்க, வெளிய எடுத்துக்கினு போக சௌகரியம். கல்யாணத்துக்கு வந்த மனுஷனை அதுல எப்படிப் படுக்க வெக்கிறது?"

"நான் படுத்திருக்கேனே?" என்றேன்.

"நீங்க விருந்தாளி இல்லையே" என்றார் சர்வ சாதாரணமாக.

மோட்டார் சத்தத்தோடு அந்த அறையிலேயேதான் பிறகும் இருந்தேன். முதல் சில நாள் விளக்கை எரியவிட்டுத் தூங்கினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு பழகிவிட்டது. நான் ஓய்வு பெறும் வரைக்கும் அந்த வீட்டுக்காரர்கள், இருக்கிறவர்களும் சரி, போய்விட்டவர்களும் சரி, என்னைக் காலி செய்யச் சொல்லவே இல்லை.